முதல் ரோபோ ஓடலையா? ஒயரைப் பாருங்க

ஜூனியர்ஸ், முதல் ரோபோவா லைன் ஃபாலோயர் செய்யுங்க. ஆர்டுயினோ ஊனோ, எல்298என் மோட்டார் டிரைவர், ரெண்டு ஐஆர் சென்சார், ரெண்டு கியர் மோட்டார், பேட்டரி இருந்தா போதும்.

மோட்டாரை நேரா ஆர்டுயினோ பின்னில் கொடுக்காதீங்க. ஒரு பின்னுக்கு 20 மில்லிஆம்பியர்தான் பாதுகாப்பு. மோட்டார் அதைவிடப் பல மடங்கு இழுக்கும், பின் போயிடும். அதுக்குத்தான் டிரைவர்.

அடுத்தது கிரவுண்ட். பேட்டரி நெகட்டிவ், டிரைவர் கிரவுண்ட், ஆர்டுயினோ கிரவுண்ட் மூணும் ஒண்ணா சேரணும். இல்லைன்னா ஆர்டுயினோ அனுப்புற சிக்னலை டிரைவர் சரியா எடுத்துக்காது. ஃபர்ஸ்ட் இயரில் இந்த ஒரு ஒயரை விட்டுட்டு, ராத்திரி முழுக்க புரோகிராமையே மாத்திட்டிருந்தேன். காலையில் டெமோவில் வண்டி அசையவே இல்லை. எனக்கு இது வராதுன்னே முடிவு பண்ணிட்டேன்.

நீங்க அப்படி முடிவு பண்ணாதீங்க. முதலில் ஒரு மோட்டாரை மட்டும் சுத்த வைங்க. சென்சாரெல்லாம் அப்புறம்.