எங்கிருந்து வந்தது?

கேள்வி: எங்கள் ஊர் மாப்பிள்ளை அழைப்பில் பேண்டு செட்டார் சினிமாப் பாட்டு வாசிக்கிறார்கள். வெளிநாட்டில் படிக்கும் என் பேத்தியோ, பள்ளிக்கூட பேண்டில் இத்தாலிய ஆபரா கோரஸ் வாசிக்கிறாளாம். கூட்டமாகப் பாட வேண்டியதை, பாட ஆளே இல்லாமல் வாசிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?
– வாசகர் ஒருவர், மோகனூர்

பதில்: திருவிழாவிலிருந்து! 19-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பெரிய ஆபரா அரங்குகள் பெரிய நகரங்களில்தான் இருந்தன. சிற்றூர்க்காரர்களுக்கு அந்தப் பாட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஊர் பேண்டு. தென் இத்தாலியில் புனிதர் திருவிழாவன்று சதுக்கத்தில் அலங்கார மரமேடை போட்டு, ஆபரா முழுவதையும் கதைபோல வாசித்துவிடுவார்கள். கதாநாயகியின் பாட்டு 'ஃபிளிகார்னோ' என்ற ட்ரம்பெட் ஜாதி வாத்தியத்துக்கு. கதாநாயகன் பாட்டு அதன் அண்ணனுக்கு. வயலின்களின் வேலை கிளாரினெட்டுகளுக்கு. ரோம் நகர பேண்டை 1885 முதல் நடத்திய அலெஸாண்ட்ரோ வெஸெல்லா, எந்த வாத்தியம் எத்தனை வேண்டும் என்பதற்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார்.

கோரஸ் பேண்டுக்கு ஒட்டிப்போகக் காரணம் மூச்சு. வில்லை இழுத்துக்கொண்டே போகிற வயலினுக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை. பாடகருக்கும் குழல் ஊதுகிறவருக்கும் வேண்டும். கோரஸில் வரி முடிகிற இடமே ஊதுகிறவரும் மூச்சு வாங்குகிற இடம். வெர்டியின் 'நபூக்கோ'வில் (மிலான், 1842) சிறைப்பட்ட யூதர்கள் பாடும் கோரஸ் பெரும்பாலும் எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுவது. அதனால் பேண்டுக்கு மாற்றுவது எளிது. சுருதியைத்தான் மாற்றியாக வேண்டும். மூலத்தில் ஆறு 'ஷார்ப்'. பேண்டு வாத்தியங்களின் விரலுக்கு 'ஃபிளாட்' சுருதிகளே சுகம்.

கேள்வி: நம் நாட்டில் இப்படி யாராவது செய்ததுண்டா?
– அதே வாசகர்

பதில்: தலைகீழாகச் செய்ததுண்டு. அங்கே பாட்டிலிருந்து சொல்லை எடுத்துவிட்டுப் பேண்டுக்குக் கொடுத்தார்கள். இங்கே முத்துசுவாமி தீட்சிதர் பேண்டு மெட்டுக்குச் சொல் கொடுத்தார். மணலியில் குடும்பம் தங்கியிருந்த காலத்தில் சென்னைக் கோட்டையில் கேட்ட வெள்ளைக்கார மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவைதாம் நோட்டுஸ்வரங்கள், 'நோட்டு' என்பது ஆங்கிலச் சொல்லேதான். எல்லாம் சங்கராபரணத்தை ஒட்டிய மெட்டுகள். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டு! தஞ்சையில் இரண்டாம் சரபோஜியும் (1798–1832) மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார்.

அடுத்த ஊர்வலத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: பாடகர் மெட்டை எந்த வாத்தியம் எடுக்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று. பேத்திக்கும் ஒரு சேதி சொல்லுங்கள்: தீட்சிதர் மறைந்தது 1835-இல், 'நபூக்கோ' மேடையேறியதோ அதற்கும் ஏழு ஆண்டு கழித்து!