உணர்விழந்த பாதத்தில் ஆறாத புண்

தோலிலோ, வாய், இரைப்பை போன்றவற்றின் உட்புறச் சவ்விலோ மேற்பரப்புத் திசு அழிந்து குழிவிழுந்து, எளிதில் மூடிக்கொள்ளாமல் நிற்கும் புண்ணையே மருத்துவம் அல்சர் என்கிறது. ஆகவே கத்தி பட்ட புதிய வெட்டு வெறும் காயமே, அதுவே வாரக்கணக்கில் ஆறாமல் குழிந்துபோனால் அப்பெயரைப் பெறும். பேச்சுவழக்கில் அச்சொல் வயிற்றெரிச்சலுக்கே உரியதாகிவிட்டதால், காலில் இருப்பதும் அல்சர்தான் என்று மருத்துவர் கூறும்போது வீட்டார் திகைப்பது இயல்பு.

இத்தகைய புண்களுள் நீரிழிவு நோயாளியின் உள்ளங்காலில் தோன்றுவது மிகுந்த அச்சத்துக்குரியது, ஏனெனில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. நீடித்த சர்க்கரை மிகுதியால் பாத நரம்புகள் உணர்விழக்க, பெருவிரலின் அடிப்பகுதி போன்று உடலின் எடை திரும்பத் திரும்ப விழும் இடத்தில் தோல் காய்த்து, அக்காய்ப்பின் கீழேயே திசு நசிந்து புண்ணாகிறது. வலி இல்லை என்பதால் நோயும் பெரிதில்லை என்று எண்ணியிருந்து காலை இழந்தோர் பலர்.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்குத் தசை தானாக அழுகுவது காரணமன்று, உணர்வற்ற காலை அவர்கள் ஓய்வின்றி ஊன்றி நடப்பதே காரணம் என்று தெளிவுபடுத்தி, மாவுக்கட்டாலும் மென்மையான ரப்பர்க் காலணியாலும் அவற்றை ஆற்ற முனைந்தார்; அந்த அறிவே பின்னர் நீரிழிவுப் பாதத்துக்கும் கைகொடுத்தது. களிம்பை மாற்றிக்கொண்டே இருப்பதைவிடப் புண்ணின்மேல் எடை விழாமல் காப்பது முதன்மையானது என்பதைப் புண் பராமரிப்பில் பழகியோர் அனைவரும் அறிவர்; கட்டுப் போட்டுக்கொண்டு வழக்கம்போல நடமாடுபவரின் புண் எத்தனை விலையுயர்ந்த மருந்துக்கும் அடங்குவது அரிது.

ஆகவே உணர்வு குறைந்தவர்கள் இரவுதோறும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும், செருப்பையோ ஷூவையோ அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுவதும், வெயிலேறிய கோயில் பிரகாரத்தில் வெறுங்காலுடன் நடவாதிருப்பதும் வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், அதன்மேல் கார்ன் கேப் ஒட்டுவதும் ஒருபோதும் கூடாது. புண்ணின் விளிம்பும் செய்தி சொல்லும்: ஆறும் புண்ணில் அது உள்நோக்கிச் சரிந்து மெல்லிய புதுத்தோலாக நீளும், வெளிப்புறமாகத் தடித்துப் புரண்டிருந்தாலோ புற்றுநோயா என அறியத் திசுப் பரிசோதனை தேவைப்படும். நான்கு வாரச் சிகிச்சைக்குப் பின்னும் பரப்பு பாதியளவேனும் சுருங்காத புண்ணில் இரத்த ஓட்டத்தையும் எலும்பையும் மறுபடி ஆராய வேண்டும். விரல் கறுத்தாலோ, துர்நாற்றத்துடன் காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவமனையை அடைய வேண்டும்.