மூன்று வருஷம் தள்ளிப்போட்ட ஞானப்பல்

முதல் தடவை வலித்தபோது எனக்கு 26 வயது. அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இடது பக்கம் கீழ்க் கடைவாயில் ஈறு வீங்கிக்கொண்டது. வாயைத் திறந்தால் இரண்டு விரல்கூட நுழையவில்லை. எச்சிலை விழுங்கினால் காதுவரை இழுத்தது. மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன். வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் கொப்பளித்தேன். ஐந்தாம் நாள் வலி போய்விட்டது. சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். அடுத்த மூன்று வருஷத்தில் அதே வலி ஐந்து முறை வந்து போனது.

அந்த இடத்தில் நடப்பது இதுதான். ஞானப்பல் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் நடுவில் முளைக்கிறது. தாடையில் இடம் போதாவிட்டால் பாதி வந்து நின்றுவிடும். அதன்மேல் ஈறு மூடிபோலப் படிந்திருக்கும். மூடிக்கு அடியில் சோற்றுப் பருக்கையும் கடலைத் தோலும் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரஷ் அங்கே எட்டாது. கிருமி பெருகி ஈறு வீங்கும். மாத்திரை வீக்கத்தை வடியவைக்குமே தவிர, மூடியை எடுத்துவிடாது. அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

கடைசி முறை பல் டாக்டரிடம் போனபோது, முழு வாயையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் என் ஞானப்பல் படுத்துக்கிடந்தது. அதன் தலை முன்னால் இருந்த கடைவாய்ப் பல்லில் முட்டிக்கொண்டிருந்தது. முட்டிய இடத்தில் ஒரு கறுப்பு நிழல். “ஞானப்பல்லை எடுத்துடலாம்மா. முன்னாடி இருக்கற பல்லும் சொத்தையாயிருக்கு. அதுக்கு ரூட் கேனல் பண்ணணும்” என்றார். அந்தக் கடைவாய்ப் பல்தான் நான் தினமும் மென்று தின்கிற பல். முதல் வலியிலேயே எக்ஸ்ரே எடுத்திருந்தால் சொத்தை அவ்வளவு ஆழம் போயிருக்காது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

எல்லா ஞானப்பல்லையும் எடுக்க வேண்டியதில்லை. நேராக முளைத்து, பிரஷ் எட்டுகிற இடத்தில், தொந்தரவு தராமல் இருந்தால் விட்டுவிடலாம். நோயில்லாத ஞானப்பல்லை எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2000-லேயே சொல்லியிருக்கிறது. ஆகவே டாக்டரிடம் கேளுங்கள்: பல் எப்படிக் கிடக்கிறது, பக்கத்துப் பல் கெட்டிருக்கிறதா, வேர் நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? கீழ்த்தாடைக்குள் ஓடும் அந்த நரம்புதான் கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது. அதில் அடிபட்டால் உதடு வாரக்கணக்கில் மரத்துப்போகலாம். அரிதாக நிரந்தரமாகவும் ஆகலாம். வேர் மிக நெருக்கமாக இருந்தால், தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் எடுத்துக்கொள்வதே நல்லது.

“பல்லப் புடுங்கினா கண்ணு மங்கிடும்டி” என்று அம்மா பயந்தாள். நம் ஊரில் பலரை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திருப்பி அனுப்புவது இந்தப் பயம்தான். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கான நரம்பு வேறு. பல் எடுப்பதால் பார்வை போகாது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. எனக்குக் கொடுத்தது மரத்துப்போகும் ஊசி மட்டும் என்பதால், சாப்பிட்டுவிட்டே வரச் சொன்னார்கள்; இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஊசி குத்தும்போதுதான் வலி. அதன்பின் அழுத்தமும் சத்தமும்தான். ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லை இரண்டாக வெட்டி எடுத்தார்கள். மூன்று தையல். முக்கால் மணி நேரம் ஆனது.

அதற்குப் பிறகு எல்லாம் நம் கையில்தான் இருக்கிறது. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து நிற்கும். புண் ஆறுவதே அதை வைத்துத்தான். வைத்த பஞ்சை ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். எச்சிலைத் துப்பக் கூடாது, விழுங்க வேண்டும். முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது. உறிஞ்சுகுழல் கூடாது, இளநீரைக்கூட டம்ளரில் ஊற்றித்தான் குடித்தேன். புகைபிடிப்பவர்கள் அதை அறவே விட வேண்டும். மரப்பு தெளியும் முன்பே வலி மாத்திரையைப் போட்டுவிட்டேன். முதல் நாள் கன்னத்தில் துணியில் சுற்றிய ஐஸை வைத்தும் எடுத்தும் ஒத்தினேன். சாப்பாடு ஆறிய ரசம் சாதம், மோர் சாதம், கேழ்வரகுக் கூழ். தாளிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஒரு கடுகு குழிக்குள் போனாலும் எடுப்பது பாடு.

இத்தனை கவனத்திலும் ஒரு தப்பு செய்தேன். இரண்டாம் நாள் உப்புத் தண்ணீரை மெல்ல வாயில் வைத்துச் சாய்க்காமல், வேகமாகக் கொப்பளித்துவிட்டேன். வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறிப் பிறகு இறங்கும், வலியும் கூடவே குறையும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு நான்காம் நாள் வலி ஏறியது. காதுக்குள் குத்தியது, வாயில் கெட்ட வாடை. மாத்திரையைப் போட்டு இன்னொரு நாள் பார்க்கலாம் என்றுதான் மனசு சொன்னது. இந்த முறை அதைக் கேட்கவில்லை, அன்றைக்கே போனேன். உறைந்த ரத்தம் பெயர்ந்து எலும்பு வெறுமையாக நின்றது. கழுவி மருந்து வைத்ததும் சிறிது நேரத்தில் வலி அடங்கியது.

காய்ச்சலோடு வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ, நடு ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது உயிர் விஷயம்.

ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். சொத்தையான கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் முடிந்து உறையும் போட்டாயிற்று. வலது பக்க ஞானப்பல் நேராக முளைத்திருக்கிறது, அதை எடுக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டி வருகிறேன்.