துலாவும் நீரிறைக்கும் யந்திரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. நெல் மாரிமழையை நம்பி விளைகின்றது. வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி ஆகியன கிணற்று நீரால் விளைகின்றன. ஆகவே, கிணற்றிலிருந்து நீரை எடுக்கும் கருவி மாறியபோது கமக்காரரின் வாழ்க்கை முறையும் அதனுடன் மாறிற்று.

முற்காலத்தில் அக்கருவி துலாவாகும். ஆடுகால்களின்மேல் நீண்ட மரம் கிடத்தப்பட்டு, அதன் ஒரு முனையில் துலாக்கொடியும் பனையோலைப் பட்டையும் தொங்கும். ஒருவர் அல்லது இருவர் துலாவின்மேல் ஏறி, முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்றுவார்; மற்றொருவர் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவார். வீட்டில் ஆட்கள் போதாவிடின் அயலவர் வருவர். பின்னர் அவர்களுடைய இறைப்புக்கு இவர்கள் செல்வர். வெயில் ஏறுமுன் முடித்தற்காக விடியுமுன்னரே வேலை தொடங்கும். கிணறு பல குடும்பங்களுக்குப் பொதுவாயிருப்பதும் உண்டு. காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டன. பங்குக்கு ஏற்ப இறைப்பு முறை வந்தது. முறை பற்றிய பிணக்குகளும் குறைவல்ல.

1950ஆம் ஆண்டுகளிலும் அதன் பின்னரும் மண்ணெண்ணெயால் இயங்கும் சிறு யந்திரங்கள் பரவின. பலர் கூடிச் செய்த வேலையை ஒருவரே செய்யலாயினர். விடியற்காலையில் துலா மிதித்த களைப்புடன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்லும் நிலை அகன்றது; துலாவிலிருந்து தவறி விழும் ஆபத்தும் ஒழிந்தது. இவை சிறிய நன்மைகள் அல்ல. துலாக் காலத்தைப் புகழ்ந்து பேசுவோர் பெரும்பாலும் அதனை மிதித்தவர் அல்லர்.

ஆயினும், மிதிப்பவரின் கால் சோர்ந்ததும் துலா நின்றது. கிணறும் ஊறுதற்கு நேரம் பெற்றது. யந்திரத்துக்குச் சோர்வு இல்லை. எண்ணெய்ச் செலவே அதற்குத் தடை. 1990ஆம் ஆண்டுக்குப் பின் போர்க்காலத்தில் எரிபொருள் கிடைத்தற்கு அரிதானபோது அத்தடை மிகக் கடுமையாக உணரப்பட்டது. இன்று சூரிய ஒளியால் இயங்கும் நீர்ப்பம்பிகள் வந்துள்ளன. அவற்றுக்கு எண்ணெய்ச் செலவும் இல்லை. வெயில் உள்ளவரை இறைக்கலாம் என்னும் எண்ணம் எழுவது இயல்பே. அபாயமும் அங்கேதான் உண்டு.

குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளினூடே இறங்கித் தேங்குகின்றது. நன்னீர் உப்புநீரிலும் பாரம் குறைந்தது. ஆதலால், கடலிலிருந்து நிலத்தின்கீழ் ஊடுருவியுள்ள உப்புநீரின்மேல் அது மிதக்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் உள்ளன. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்குமேல் 1 அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறையின், காலப்போக்கில் உப்புநீர் 40 அடி வரை உயர இடமுண்டு. கிணற்றை எட்டிப் பார்ப்பவருக்கோ அந்த 1 அடியே தெரியும்.

உவர்நீரை வெங்காயமும் போஞ்சியும் தாங்கமாட்டா. மேலும், அளவுக்கு மிஞ்சிப் பாய்ச்சிய நீர் பசளையைக் கழுவி நிலத்தின்கீழ் கொண்டு செல்லும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்குரிய அளவை மிஞ்சியிருத்தல் ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. அத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் வலுக் குறையும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. தோட்டத்துக்கு இடும் பசளையின் அளவு வீட்டுக் கிணற்றையும் பொறுத்த விடயமாகும்.

யந்திரம் வைத்திருப்போர் கிணற்றை ஒரே முறையில் வற்ற இறைத்தல் தகாது. சிறிது இறைத்து, ஊறவிட்டு, மீண்டும் இறைத்தல் வேண்டும். நீர் குறைந்தவிடத்துக் கிணற்றை ஆழமாக்குதல் உப்புநீரை அணுகுவதாகவே முடியும். பாத்திகளில் வைக்கோல் பரப்பினால் ஈரம் நெடுநேரம் நிற்கும். வசதியுள்ளோர் சொட்டு நீர்ப்பாசனத்தைக் கைக்கொள்ளலாம். நெல் விளைவிப்போர் மாரிக்கு முன் வரம்புகளை உயர்த்திக் கட்டுதல் அயலிலுள்ள தோட்டக் கிணறுகளுக்கும் உதவியாகும். வயலில் தேங்கும் மழைநீரே நிலத்தடியைச் சேர்கின்றது. கிணற்றுச் சுவரில் தை மாதத்து நீர்மட்டத்துக்கு ஒரு கோடும் ஆவணி மாதத்து மட்டத்துக்கு ஒரு கோடும் ஆண்டுதோறும் இடுக. ஆவணிக் கோடு ஆண்டுக்கு ஆண்டு இறங்கிச் செல்லக் கண்டால், விவசாயப் போதனாசிரியரிடம் அறிவித்து நீரின் உவர்த்தன்மையைப் பரிசோதிப்பித்தல் வேண்டும்.