பாப்பாவுக்கு முதலில் இட்லி சொல்லு

அன்புள்ள அம்மிணி,

பாப்பாவுக்கு மூணு வயசு ஆகிற வரைக்கும் ஹோட்டல் பக்கமே தலைவைத்துப் படுக்கப் போவதில்லை என்று போனில் சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம். ஒண்ணரை வயசுக் குழந்தை சாம்பார்க் கிண்ணத்தைக் கவிழ்த்ததற்கும் பக்கத்து மேசைக்காரர் முறைத்ததற்கும் இத்தனை பெரிய சபதமா? பாஞ்சாலிக்காவது கொஞ்சம் வலுவான காரணம் இருந்தது.

உன்னையே எடுத்துக்கொள். சின்ன வயசில் அன்னபூர்ணா ஹோட்டலில் உன் அப்பா காபியை ஆற்றிக் குடிப்பதற்குள், நீ நாலு மேசை தாண்டிப் போய் யாரோ ஒரு தாத்தாவின் மெதுவடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பாய். அவரும் பேசாமல் இன்னொரு வடை சொல்லிக்கொள்வார். நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கத்தை வீட்டுக்குள் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது கண்ணு. முன்னெல்லாம் கல்யாணப் பந்தியில் யாராவது ஒருத்தர் மடியில் உட்கார்ந்து, இலை ஓரத்தில் பருப்பும் நெய்யும் பிசைந்து வாங்கித் தின்றே குழந்தைகள் அதைக் கற்றுக்கொண்டன. இன்றைக்கு விசேஷத்துக்குப் போனாலும் பாதி இடத்தில் தட்டை ஏந்தி நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறோம். உன் மகளுக்கு மிச்சமிருக்கிற பந்தி ஹோட்டல்தான்.

ஆனால் நீங்கள் போகிற நேரம் இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரைக்கு, நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த குடும்பம் காத்து நிற்கும்போது, பெரியவர்களுக்கே தொண்டையில் இறங்காது. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற குழந்தை என்ன செய்யும்? சாயங்காலம் ஆறு மணிக்குப் போ. சுவர் ஓரத்து மேசையாகக் கேள். சாம்பார் வாளியோடு சர்வர் போய்வருகிற வழியில் பேபி சேரைப் போடாதே. அதில் பெல்ட் இருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்கார வை. உட்கார்ந்ததும் இட்லி சொல்லிவிடு. இட்லி எப்போதும் ஆவியில் தயாராக இருக்கும், சொன்ன உடனே வந்துவிடும். ரவா தோசை அப்படியில்லை. அது கல்லில் நிதானமாக முறுகி வருகிற வரை உன் மகள் பொறுக்க மாட்டாள்.

இட்லிக்குச் சாம்பார் தொட்டுக்கொடு, ஊற்றாதே. ஹோட்டல் சாம்பாரில் உப்பும் காரமும் நம் நாக்குக்குப் போட்டது. பொங்கல் வாங்கினால் முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிடு. முழு முந்திரி, வேர்க்கடலை, திராட்சை எல்லாம் இந்த வயசில் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அடுத்த வீட்டுக்காரி தன் கைக்குழந்தையைக் கூட்டி வந்தால் அவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வை: ஒரு வயசு முடிகிற வரை தேன் துளிகூட நாக்கில் வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியைச் சமாளிக்கப் பச்சைக் குழந்தையின் குடலுக்குத் தெம்பு கிடையாது. அவள் பால் கொடுக்கவும் இடம் பார்த்துக் கொடு. பஸ் ஸ்டாண்டுகளில் 2015-லேயே பாலூட்டும் அறை வந்துவிட்டது. நம்மூர்ப் பெரிய ஹோட்டல்களில் பலதுக்கு இன்னும் அந்த யோசனை வரவில்லை என்பதில் எனக்குக் கோபம்தான்.

எனக்கு அடிவயிற்றைக் கலக்குவது காபிதான். டபராவைக் குழந்தைக்கு எட்டுகிற தூரத்தில் வைக்கவே வைக்காதே. போட்டுக் கால் மணி நேரம் ஆன காபிகூட அந்த மெல்லிய தோலைப் பொத்துப்போகச் செய்துவிடும். ஒருவேளை மேலே பட்டுவிட்டால், பேஸ்ட், இங்க், தோசைமாவு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருத்தர் பேச்சையும் கேட்காமல் கை கழுவுகிற குழாயைத் திறந்து இருபது நிமிஷம் தண்ணீரில் காட்டு. ஐஸ் வைக்காதே. பிறகு டாக்டரிடம் போ.

சொன்னால் கோபித்துக்கொள்வாய், இருந்தாலும் சொல்கிறேன். உட்கார்ந்ததும் போனைச் சாம்பார்க் கிண்ணத்தில் சாய்த்து வைத்துப் பாட்டுப் போடுகிறாயே, அதை விட்டுவிடு. ரெண்டு வயசு வரைக்கும் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது. அது கிடக்கட்டும். தலைக்கு மேல் தூக்கி ஆற்றுகிற காபி, கோபுரம் மாதிரி நிற்கிற கோன் தோசை, எதிர் மேசையில் அடம்பிடிக்கிற இன்னொரு வாண்டு என்று அந்த ஹாலே ஒரு திருவிழா. அதையெல்லாம் விட்டுவிட்டு ஏன் அவள் கையகலக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும்? போரடித்தால் கையில் ஒரு ஸ்பூனைக் கொடு. அதற்கும் அழுதால், ஒருத்தர் சாப்பிடும்போது இன்னொருத்தர் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் ஆட்டோ காட்டுங்கள். அந்த முறையில் மாப்பிள்ளையையும் சேர்த்துக்கொள். எப்போதும் உன் தோசையே ஆறுவானேன்?

எழுந்திருக்கும்போது கீழே சிந்திய பெரிய பருக்கைகளையாவது டிஷ்யூவில் கூட்டி எடுத்துத் தட்டில் போடு. பில் அட்டையில் வைக்கிற டிப்ஸ் சர்வரோடு நின்றுவிடும். மேசைக்கு அடியில் குனிந்து துடைக்கிற அம்மாவுக்குத் தனியாக இருபது ரூபாய் கொடு, பாப்பா கையால் கொடுக்கச் சொல். அவள் முதல் தடவை நோட்டை வாயில் வைப்பாள். பரவாயில்லை.

அடுத்த வாரம் கோவை வரும்போது நாம் எல்லோரும் சேர்ந்தே போவோம், ஆறு மணிக்கு. மாப்பிள்ளைக்கு ரவா தோசைதான் வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே போன் போட்டுச் சொல்லிவிடச் சொல்.

உன்,
பெரியம்மா