வெல்ல அடுப்புக்கு எந்தச் சாந்து?

கரும்பு வெட்டு தொடங்குவதற்கு முன்னாடி, விரிசல் விட்ட வெல்ல அடுப்பைப் பிரித்துக் கட்டுவோம். "கெட்டியா இருக்கட்டும், சிமெண்ட் போட்டுடுங்க" என்று கொத்தனாரிடம் சொல்லிவிடுகிறோம். வீட்டுச் சுவருக்கு அது சரி, நெருப்புக்கு ஆகாது.

ஏன்? சிமெண்ட் இறுகும்போது அதற்குள் நீற்றுச் சுண்ணாம்பு உண்டாகிறது. சுமார் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சீசன் முடிந்து அடுப்பு சும்மா கிடக்கும்போது மழை ஈரம் பட்டால், மறுபடியும் நீர்த்துப் பூரித்துச் சாந்தைப் பிளக்கும். விரிசல் வழியே குளிர்காற்று புகுந்தால் சக்கை கூடுதலா செலவாகும், பாகு பதத்துக்கு வர நேரமாகும். நடு சீசனில் அடுப்பு சரிந்தால், வெட்டிப் போட்ட கரும்பு காய்ந்து வெல்லம் குறையும்.

அதனால் இடத்துக்கு ஏற்ற சாந்தைப் பயன்படுத்துங்கள்.

தீ படும் உட்சுவர்: களிமண் சாந்து. களிமண் ஒரு பங்கு, சலித்த மணலும் செங்கல் தூளும் சேர்த்து இரண்டு முதல் மூன்று பங்கு. களிமண் காயும்போது சுருங்கும். செங்கல் தூள் ஏற்கெனவே சுட்டது, சுருங்காது. மண் ஊருக்கு ஊர் மாறும். மூன்று அளவில் உருண்டை பிடித்து நிழலில் காய வையுங்கள். வெடித்தால் மணல் போதவில்லை, உதிர்ந்தால் மண் போதவில்லை.

தீ நேரா அடிக்கும் இடம்: தீச்செங்கல்லும் ஃபயர்கிளே சாந்தும். வாங்கும்போது "தானா காற்றில் இறுகுமா, சூட்டில்தான் இறுகுமா?" என்று கேளுங்கள். சூட்டில் இறுகும் வகைக்கு மிக அதிகச் சூடு வேண்டும். சூடு போதாத இடத்தில் அது வெறும் மண்ணாகவே நிற்கும். அங்கே காற்றில் இறுகுவதே நல்லது.

வெளிச்சுவர்: இங்கே சூடு குறைவு, சுண்ணாம்புச் சாந்து போதும். உட்சுவர் சூட்டில் விரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

சாதாரணச் செங்கல்லை நனைத்து வையுங்கள். சாந்து எவ்வளவு மெலிசோ அவ்வளவு நல்லது. கட்டி முடித்ததும் ஒரு வாரம் நிழல் காய்ச்சல், பிறகு சில நாள் சின்னச் சின்னத் தீ. ஈரத்தோடு பெருந்தீ போட்டால் உள்ளே ஆவி கட்டி வெடிக்கும்.

களிமண்ணில் இன்னொரு லாபமும் உண்டு. அடுத்த முறை பிரிக்கும்போது செங்கல் முழுசா கழன்று வரும். சிமெண்ட் என்றால் கல்லோடு சேர்ந்தே உடையும்.