பாலன் குடிலும் வாயில்லாச் சீவன்களும்



ஆரையம்பதி வாவிக்கரையில் பாலன் குடில் கட்டும் சிறுவனைப் பாருங்கள். அவன் வைக்கோல் பரப்ப, வளர்ப்பு நாயும் அருகில் படுத்திருக்கும். “அப்பா, பாலனைப் பார்க்க இதுவும் வரலாமா?” என்று கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்?

பாலன் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டதை லூக்கா 2:7 சொல்கிறது. மாட்டையும் கழுதையையும் அது குறிப்பிடவில்லை. அவை எசாயா 1:3இலிருந்து குடிலுக்கு வந்தவை. அவை தம் உரிமையாளரை அறிகின்றன, மக்களோ இறைவனை அறியவில்லை என்று வருந்துகிறார் இறைவாக்கினர். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, தீவனத் தொட்டியருகே திருப்பலி நடக்கச் செய்தார். நத்தாரன்று அவற்றுக்குக் கூடுதல் தீனி வேண்டுமென்றும் அவர் விரும்பியதாக, அவரது வரலாற்றை எழுதிய செலானோ தோமஸ் கூறுகிறார்.

ஆகவே பிள்ளைக்கு “ஆம்” என்றே சொல்லுங்கள். ஆனால், அன்பு அறிவோடு இருக்கட்டும். கேக்கிலுள்ள முந்திரிகை வற்றலும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. சோறும் முள் நீக்கிய மீனும் போதும். நாயின் செவி நம்முடையதைவிடக் கூரியது. நள்ளிரவுப் பட்டாசுக்கு அது நடுங்கும். முற்றத்தில் கட்டிவிட்டுப் பூசைக்குப் போகாதீர்கள். வீட்டுக்குள் விட்டுச் செல்லுங்கள்.

விலங்குகளுக்கு இரக்கம் காட்டுவது நம் கடமை. ஆயினும், மனிதரின் துயர் தீர்க்க வேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடலாகாது. 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இவ்விரண்டையும் சேர்த்தே போதிக்கிறது. நாய்க்கு ஒரு பிடி சோறு வைக்கும் பிள்ளை, அயல்வீட்டுக்கும் ஒரு தட்டுப் பலகாரம் கொண்டு போகட்டும்.